வெளிநாட்டில் வேலைப் பயிற்சி: வணிகத் தந்தையர் கவனத்திற்கு



நம் வணிகச் சகோதரர்களின் இல்லங்களில் இக்காலத்தில் அடிக்கடி எழுகின்ற ஒரு வினாவைப் பற்றி இவ்விதழில் சிறிது விரிவாகப் பேச எண்ணுகிறோம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ படிக்கும் பிள்ளை, ஒரு நாள் இரவு கடை அடைத்து வந்த தந்தையிடம், "அத்தா, படிப்பிலே ஒரு பகுதியா ஆறு மாசம் வெளிநாட்டுக் கம்பெனியிலே இன்டர்ன்ஷிப் செஞ்சிட்டு வரலாம்னு இருக்கேன்" என்று மெல்லத் தொடங்குகிறது. தந்தையரில் சிலர், "ஏன், உள்ளூரில் கம்பெனியே இல்லையா?" என்று ஒரே கேள்வியில் பேச்சை முடித்து விடுகின்றனர். வேறு சிலர், பிள்ளையின் ஆசையைக் கெடுப்பானேன் என்று, எவ்வளவு பணம் வேண்டும் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு காசோலைப் புத்தகத்தை எடுக்கின்றனர்.

இவ்விரு சாராரும் ஒரு கொள்முதல் விஷயத்தில் இவ்வாறு நடந்து கொள்வார்களா? பத்துப் பெட்டி சரக்கு எடுப்பதற்கே, விற்பவன் யார், சரக்கு எங்கே கிடக்கிறது, பத்திரம் எவர் கையில் இருக்கிறது என்றெல்லாம் விசாரிக்கும் கூட்டம் நம் கூட்டம். வெளிநாட்டு வேலைப் பயிற்சிக்கும் விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்னால் கைக்கு வந்து சேர வேண்டிய பத்திரங்கள் சில உண்டு. அவற்றைப் படித்து, இது உறுதியானது, இது வெறும் வாய்ப்பேச்சு எனப் பிரித்தறியும் திறன் இருபது வயதுப் பிள்ளையைவிட வணிகத் தந்தைக்கே அதிகம் என்பது எமது கருத்து. ஆகவே மறுப்பதும் வேண்டா, கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுப்பதும் வேண்டா. உட்கார்ந்து தாள்களைப் படியுங்கள் என்று கேட்டுக் கொள்கிறோம்.

முன்னோர் பழகிய வழி

தொழில் பழகுவதற்காகக் கடல் கடப்பது நமக்குப் புதிய செய்தியன்று. கடையநல்லூரிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கிய நம் மூத்தோரில் பலர் மீசை அரும்பாத வயதில் வந்தவர்கள். முதலாளியின் கடையில் முதலில் கூட்டிப் பெருக்கினார்கள். பிறகு கிட்டங்கியில் மூட்டை எண்ணினார்கள். பிறகு சிட்டை எழுதக் கற்றார்கள். கை சுத்தம் என்று கண்டால் பேரேடும் பணப்பெட்டிச் சாவியும் அவர்களிடம் வந்தன. உணவும் படுக்க இடமும் முதலாளியின் பொறுப்பு. பையனுக்காக ஊரில் ஒரு மாமாவோ மச்சானோ வாக்குக் கொடுத்திருப்பார். அந்த வாக்கே அன்றைக்குப் பத்திரம்.

இன்றைக்கு அந்த வாக்கின் இடத்தில் அரசாங்கத் தாள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கற்கப் போகும் மாணவன், கற்பிக்கும் நிறுவனம், அனுப்பும் பல்கலைக்கழகம், உள்ளே விடும் அரசாங்கம் என நான்கு தரப்பார் இதில் இருக்கின்றனர். நால்வரில் ஒருவர் சம்மதம் குறைந்தாலும் காரியம் நடவாது. நடந்தாலும் சட்டத்துக்குப் புறம்பாக நடக்கும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ இருபத்தைந்து வயதில் கதீஜா நாயகி (ரலி) அவர்களின் வணிகப் பொருள்களை ஏற்றுக் கொண்டு ஷாம் தேசம் சென்று வந்த வரலாற்றை நாம் அனைவரும் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். அந்த அம்மையார் பெருமானாரின் நாணயத்தைக் கேள்வியுற்றே பொருளை ஒப்படைத்தார்கள். ஆயினும் தம் பணியாள் மைசராவையும் உடன் அனுப்பினார்கள். நம்பிக்கையும் இருந்தது, நேரில் கண்டு வந்து சொல்ல ஒருவரும் இருந்தார். அன்றியும் திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அல்பகறா அத்தியாயத்தின் 282-வது வசனம். அது எதைப் பற்றியது? தவணைக் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துச் சாட்சி வைத்துக் கொள்வதைப் பற்றியது. எழுதப்படாத ஏற்பாட்டை நம்பிப் பிள்ளையை அனுப்புவது மார்க்கம் காட்டும் வழக்கத்தோடும் பொருந்தாது, வணிக வழக்கத்தோடும் பொருந்தாது.

இடம் கிடைக்கும் வழிகள்

முதலாவது வழி, பல்கலைக்கழகமே நடத்தும் திட்டம். இதுவே எல்லாவற்றிலும் பத்திரமானது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஏற்படுத்திய 'வெளிநாட்டுக் கல்லூரிகள்' திட்டம் இதற்குத் தக்க சான்று. அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் தொடங்கிப் பின்னர் பல நகரங்களுக்கு விரிந்த இத்திட்டத்தில் மாணவர் புதிதாய் முளைத்த நிறுவனமொன்றில் முழு நேரம் வேலை பழகிக் கொண்டே, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் தொழில் தொடங்குவது பற்றிய பாடங்களும் படிக்கின்றனர். பழைய சாமான்களைக் கைபேசி வழியே விற்கவும் வாங்கவும் உதவும் 'கரூசல்' நிறுவனத்தை 2012-இல் தொடங்கிய மூவரும் இத்திட்டத்தில் சிலிக்கான் பள்ளத்தாக்கு சென்று வந்தவர்களே. சந்தையில் நடப்பதைத்தான் அவர்களும் செய்தார்கள். ஆனால் வேறொரு ஊரின் பழக்கத்தைப் பார்த்து வந்து செய்தார்கள்.

மலேசியாவில் படிக்கும் பிள்ளைகளுக்கு 'லத்திஹான் இன்டஸ்திரி' எனும் தொழிற்பயிற்சி பல பட்டங்களில் கட்டாயம். பொறியியல் பட்டத்துக்குக் குறைந்தது 8 வாரம் வேண்டும். இதை வெளிநாட்டில் செய்ய விரும்பினால், அப்பயிற்சியைப் பாடத்தின் பகுதியாக ஏற்றுக் கொள்வதாகத் துறையிடமிருந்து எழுத்து மூலம் முன்னரே பெற வேண்டும். வாயால் "சரி" என்று சொன்ன விரிவுரையாளர் அடுத்த பருவத்தில் வேறிடம் போய்விடலாம். இந்த ஒரு கடிதம் இல்லாத காரணத்தால் பட்டம் பெறுவது ஒரு பருவம் தள்ளிப் போகக்கூடும்.

பொறியியல், விஞ்ஞான மாணவர்களுக்கு ஐயெஸ்டே எனும் பன்னாட்டு அமைப்பும் உண்டு. 1948-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தோன்றியது. ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் நாட்டு நிறுவனங்களிடம் பயிற்சி இடங்களைக் கேட்டு வாங்கி, அவற்றைப் பிற நாடுகளின் இடங்களோடு மாற்றிக் கொள்கிறது. பண்டமாற்றுத்தான், சந்தேகமில்லை! தங்கி உண்ணும் செலவுக்குப் போதுமான ஊதியத்தை இடம் கொடுக்கும் நிறுவனம் தர வேண்டும் என்பது அதன் முறை. பிள்ளையின் பல்கலைக்கழகத்துக்கு இதனோடு தொடர்பு உண்டா என்று வேலை வழிகாட்டி அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வழியில்தான் வணிகர்க்குத் தனிப்பட்ட வசதி இருக்கிறது. துருக்கியிலிருந்து துணியோ, ஜப்பானிலிருந்து இயந்திர உதிரிகளோ, ஜெர்மனியிலிருந்து மருத்துவக் கருவிகளோ பத்துப் பதினைந்து ஆண்டுகளாகத் தருவிப்பவர், அந்நிறுவனத்தாரிடம் ஒரு சொல் கேட்க உரிமையுடையவர். பணத்தைத் தவணை தவறாமல் அனுப்பி வந்தவரின் கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. ஆனால் இதற்கு ஓர் எல்லை வைத்துக் கொள்ள வேண்டும். தந்தை எழுதுவது அறிமுகக் கடிதம் மட்டும். என்ன படித்திருக்கிறான், அந்த நிறுவனம் செய்யும் எந்த வேலையில் அவனால் உதவ முடியும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர இயலும் என்பதைப் பிள்ளையே ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும். ஐம்பது நிறுவனங்களுக்குப் பெயரை மட்டும் மாற்றி ஒரே கடிதத்தை அனுப்பும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அக்கடிதம் விளம்பர நோட்டீசைப் போலவே படிக்கப்படும்; அதாவது படிக்கப்படாது.

நான்காவதாகத் தரகர் ஒருவர் வருவார். "இடம் உறுதி, இவ்வளவு வெள்ளி கட்டுங்கள்" என்பார். ஒழுங்கான கட்டணம் வாங்கிச் சேவை செய்வோரும் இருக்கின்றனர் என்பதை மறுக்கவில்லை. எனினும் நிறுவனத்தின் பெயரையும் மேற்பார்வையாளர் பெயரையும் சொல்லுமுன் பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டா. 2022-ஆம் ஆண்டில் மலேசிய இளைஞர் பலர் நல்ல சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்று, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டு, அரசாங்கத்தின் முயற்சியால் மீட்கப்பட்ட செய்தியை யாரும் மறந்திருக்க முடியாது. அவர்களிடமும் வேலைக் கடிதம் இருந்தது. கடிதத்தில் உள்ள நிறுவனத்தை, கடிதத்தில் இல்லாத தொலைபேசி எண்ணில், நாமே தேடி எடுத்த எண்ணில், அழைத்துப் பேசிப் பார்ப்பதே சோதனை.

விசா இன்றி நுழைவது வேறு, வேலை பழகுவது வேறு

இனிக் கூறப்போவதை மிகவும் கவனித்துப் படிக்க வேண்டுகிறோம். ஏனெனில் நன்கு படித்த குடும்பங்களும் இடறி விழுமிடம் இதுவே.

சிங்கப்பூர்க் கடப்பிதழும் மலேசியக் கடப்பிதழும் உலகில் பல நாடுகளுக்கு விசா இன்றி நுழையும் உரிமை தருகின்றன. பிரிட்டனுக்கு நாம் பார்வையாளராகச் சென்று ஆறு மாதம் வரை இருக்கலாம்; 2025 ஜனவரி முதல் முன்கூட்டியே மின்னணு அனுமதி ஒன்று மட்டும் பெற வேண்டும். உடனே பிள்ளை, "ஆறு மாசம் இருக்கலாம், பயிற்சியும் ஆறு மாசம், சரியாப் போச்சு" என்று கணக்குப் போடுகிறது. அக்கணக்கு தவறு. பிரிட்டனின் விதி, பார்வையாளராக நுழைந்தவர் வேலைப் பயிற்சி செய்யக் கூடாது என்று தெளிவாகத் தடுக்கிறது. சம்பளம் வாங்காவிட்டாலும் தடைதான். பயிற்சிக்கென அரசு ஏற்றுக் கொண்ட பரிமாற்றத் திட்டம் ஒன்றின் மூலம் சான்று பெற்றுத் தற்காலிக வேலை விசாவில் செல்ல வேண்டும். அதில் வேலை அனுபவத்துக்குப் பெரும்பாலும் 12 மாதம் வரை இடமுண்டு.

அமெரிக்காவும் அப்படியே. சிங்கப்பூரர்களுக்கு விசா விலக்குண்டு, மலேசியர்க்கு இல்லை. ஆனால் அவ்விலக்கில் நுழைந்து வேலை பழக எவர்க்கும் உரிமையில்லை. ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவரின் படிப்போடு தொடர்புடைய பயிற்சிக்கு வேலை நிறுவகத்தின் சம்மதம் வேண்டும். நான்கு பருவங்கள் படித்து முடித்திருக்கவும் வேண்டும். மலேசியப் பிள்ளை கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வந்து பழகுவதானாலும், அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் சிங்கப்பூர் முதலாளி, பிள்ளையன்று. நம் சகோதரர்களில் எவரேனும் அக்கரை உறவினரின் பிள்ளையை விடுமுறையில் "சும்மா கடையில் வந்து நிற்கட்டும்" என்று வரவழைப்பதாயிருந்தால், மனிதவள அமைச்சைக் கேட்டுக் கொண்டு அதன் பின் செய்யுங்கள்.

பிடிபட்டால் என்ன ஆகும்? திருப்பி அனுப்புவார்கள். அது அன்றோடு முடிவதில்லை. பிற்காலத்தில் அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம், "இதற்கு முன் நுழைவு மறுக்கப்பட்டதுண்டா?" என்ற கேள்விக்கு உண்டு என்று எழுத வேண்டி வரும். சரக்கு எடுக்கப் போகும் நாற்பது வயதிலும் அந்தக் கறை கூடவே வரும்.

ஒரு பத்திரத்தைப் படித்துப் பார்ப்போம்

அமெரிக்க ஏற்பாட்டை மட்டும் உதாரணமாக எடுத்துக் கொண்டு சற்று விளக்குகிறோம். ஏனென்றால் அதன் தாள்கள் நன்கு வகுக்கப்பட்டவை. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்க்குப் பிற நாட்டுத் தாள்களில் என்ன தேட வேண்டும் என்பதும் விளங்கி விடும்.

பயிற்சி மாணவர்க்குரிய விசா ஜே-1 எனப்படும். அமெரிக்காவுக்கு வெளியே பட்டம் தரும் கல்லூரியில் படித்துக் கொண்டிருப்பவரும், பட்டம் பெற்று 12 மாதம் ஆகாதவரும் இதற்குத் தகுதியுடையவர். 12 மாதம் வரை இருக்கலாம். இதில் வேலை தரும் நிறுவனம் ஒன்று. அரசின் வெளியுறவுத் துறை நியமித்த பொறுப்பாளர் நிறுவனம் வேறொன்று. பொறுப்பாளரை ஸ்பான்சர் என்பர். எல்.சி. திறக்கும் நம் வணிகர்க்கு இது எளிதில் விளங்கும். விற்பவனும் வாங்குபவனும் ஒப்புக் கொண்டாலும், இடையில் நிற்கும் வங்கி தாள்கள் பொருந்தினால்தான் பணம் விடும். அவ்வாறே ஸ்பான்சர் திருப்தியடைந்து டி.எஸ்.2019 என்ற தாளைக் கொடுத்தால்தான் தூதரகத்தில் விசாவுக்கு நிற்க முடியும்.

அதற்கு முன் நிரப்ப வேண்டியது டி.எஸ்.7002 எனும் பயிற்சித் திட்டப் படிவம். தந்தையர் தம் கண்ணால் படிக்க வேண்டிய தாள் இதுதான். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம் உண்டா, எவ்வளவு, முதல் கட்டத்தில் என்ன கற்பிப்பார்கள், அடுத்த கட்டத்தில் என்ன, யார் மேற்பார்வை, கற்றதை எவ்வாறு சோதிப்பார்கள் என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டு, மாணவர், நிறுவனம், ஸ்பான்சர் மூவரும் கையொப்பமிட வேண்டும். வாரத்துக்கு 32 மணிக்குக் குறையக் கூடாது. எழுத்தர் வேலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது. குழந்தை பார்ப்பது, முதியோரைப் பராமரிப்பது, தேர்ச்சி தேவையில்லாத கூலி வேலை ஆகியவற்றில் வைக்கவே கூடாது. நிறுவனத்தில் 25 பேருக்குக் குறைவாகவோ, ஆண்டு வரவு 30 லட்சம் டாலருக்குக் குறைவாகவோ இருந்து, அது இத்திட்டத்துக்குப் புதிதாகவும் இருந்தால், ஸ்பான்சர் நேரில் சென்று இடத்தைப் பார்த்து வர வேண்டும். மைசராவின் வேலையை இன்று விதியே செய்கிறது.

படிவத்தில் "அலுவலக வேலைகளில் உதவி செய்தல், மேலாளர் கூறும் பிற பணிகள்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது தேநீர் வாங்கி வரும் வேலை என்று கொள்க. "முதல் எட்டு வாரம் சரக்கு இருப்புக் கணக்கின் தரவுகளைச் சீர் செய்தல்; அடுத்த எட்டு வாரம் தேவையை முன்கூட்டிக் கணிக்கும் அட்டவணை தயாரித்தல்" என்று எழுதியிருந்தால் அங்கே கற்பிக்க ஒருவர் இருக்கிறார் என்று பொருள். விசா அதிகாரி நேர்காணலில் கேட்பதும் இதையே. 2025 ஜூனில், இவ்விசாவுக்கு விண்ணப்பிப்போர் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டுமென்றும் அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

பணம்

மாணவர் பதிவுக் கட்டணம் 220 டாலர். விசா விண்ணப்பக் கட்டணம் 2023 முதல் 185 டாலர். 2025-இல் இயற்றிய சட்டமொன்று விசாவுக்கு மேலும் 250 டாலர் விதிக்க வழி செய்துள்ளது. ஆகையால் கட்டும் நாளில் தூதரக அறிவிப்பைப் பார்த்தே தொகையை எழுதுங்கள். இவற்றின் மேல் ஸ்பான்சர் கட்டணம், விமானச் சீட்டு, முதல் மாத வாடகை, முன்பணம் ஆகியன. மருத்துவக் காப்புறுதி கட்டாயம். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது ஒரு லட்சம் டாலர் அளவுக்கு இருக்க வேண்டும். காப்புறுதியைப் பற்றி மார்க்க ஐயமுடையோர் ஆலிம்களிடம் விளக்கம் கேட்டுத் தெளிக.

ஊதியம் தரும் பயிற்சியாயினும் முதற் சம்பளம் கைக்கு வர ஆறு வாரம் ஆகலாம். அதுவரைக்கும் பணம் வேண்டும். இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பிள்ளைகள் கடன் அட்டையில் கை வைக்கின்றன. வட்டி அங்கேதான் நுழைகிறது. கடையில் ஒரு பைசா வட்டி தொடாத தந்தையின் பிள்ளை, அயலூரில் வாடகைக்காக வட்டிக்குள் விழுவதைத் தடுப்பது கடினமன்று. இரண்டு மாதச் செலவைத் தனியாக எடுத்துக் கொடுத்து, பேரேட்டில் பிள்ளையின் பெயரில் பற்று எழுதுங்கள். இயலாத குடும்பங்களுக்கு உறவினரோ சங்கத்தாரோ கர்ளன் ஹஸனா எனும் அழகிய கடனாகக் கொடுக்கலாம். திருப்பும் தேதியையும் இரு சாட்சிகளையும் எழுதிக் கொள்க. வெட்கப்பட வேண்டியதில்லை; முன் சொன்ன வசனம் அதற்காகவே அருளப்பட்டது.

சம்பளமே இல்லாத பயிற்சி தகுமா என்று கேட்பார்கள். கற்பிக்கும் திட்டம் உறுதியாக இருந்து, குடும்பத்துக்கும் தாங்கும் சக்தி இருந்தால் மூன்று மாதம் போகலாம். அதற்கு மேல் ஒரு நிறுவனம் சம்பளமின்றி வைத்துக் கொண்டால், அங்கே கற்பதைவிட உழைப்பதே அதிகம் என்பது எமது எண்ணம்.

தீனும் தங்குமிடமும்

லண்டனில் ஜூன் மாதத்தில் கதிரவன் மறையும்போது மணி இரவு 9-20 ஆகிவிடும். விடிவது ஐந்து மணிக்கு முன். ஏழு மணிக்கு மஃரிபு தொழுது பழகிய பிள்ளைக்கு இஷாவும் சுபுஹும் அடுத்தடுத்து வந்து நிற்கும். அவ்வூர்ப் பள்ளிவாசலின் நேர அட்டவணையை வாங்கிக் கொண்டு அதன்படி நடக்கச் சொல்லுங்கள். ஜும்ஆவுக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்பதை வேலை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் மேற்பார்வையாளரிடம் பணிவாகக் கேட்டு விடுவது நலம். முன்னரே கேட்டால் பெரும்பாலோர் இணங்குவர். சேர்ந்த பிறகு வெள்ளிதோறும் மறைந்து போவதைத்தான் விரும்பமாட்டார்கள். நிறுவனத்தின் வியாபாரம் என்ன என்பதையும் பாருங்கள். மதுவும் வட்டியும் விற்கும் இடத்தில் கற்ற தொழில் நம் கடைக்கு உதவாது.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசிய அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இன்று மாணவியரே பாதிக்கு மேல். ஆகவே இவ்வினா மகன்களைப் பற்றியதாக மட்டும் இருக்க முடியாது. துணையோடு செல்வது பற்றிய மார்க்கச் சட்டத்தை உங்கள் ஆலிமிடம் கேட்டறியுங்கள். இங்கே தீர்ப்புச் சொல்ல யாம் முற்படவில்லை. ஆனால் ஒன்று கூறுவோம். மகளுக்காக நாம் விசாரிக்கும் தங்குமிடம், தெரு, இரவில் திரும்பும் பேருந்து, அருகிலுள்ள நம்மவர் குடும்பம் ஆகிய அத்தனையையும் மகனுக்காகவும் விசாரியுங்கள். மகன்களும் கெடுவதுண்டு.

காலம்

மே மாத விடுமுறையில் தொடங்க வேண்டிய பயிற்சிக்கு, முந்திய ஆண்டு செப்டம்பரிலேயே கடிதம் எழுதத் தொடங்க வேண்டும். டிசம்பருக்குள் இடம் உறுதியாகி, துறையின் சம்மதக் கடிதம் கையிலிருந்தால், ஸ்பான்சருக்கும் விசாவுக்கும் மூன்று நான்கு மாதம் கிடைக்கும். தேசிய சேவைக் கடமையுள்ள சிங்கப்பூர் இளைஞர்கள் வெளியேறும் அனுமதி தேவைப்படுமா என்பதையும் இக்காலத்திலேயே கேட்டுக் கொள்ள வேண்டும். விமானச் சீட்டு கடைசி. மலிவாகக் கிடைக்கிறதென்று ஜனவரியில் சீட்டு வாங்கி, விசா தாமதித்து, சீட்டுப் பணம் போயிற்று என்று வருந்துவோர் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

பிள்ளை திரும்பி வரும்போது மேற்பார்வையாளரின் மதிப்பீட்டுக் கடிதத்தைக் கையொப்பத்தோடு கொண்டு வர வேண்டும். பிறகு மின்னஞ்சலில் கேட்டு வாங்கலாம் என்பது நடவாது. அமெரிக்காவில் சம்பளம் வாங்கியிருந்தால் அடுத்த ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதிக்குள் அந்நாட்டில் வசிப்பவரல்லாதவர்க்குரிய வருமான வரிப் படிவத்தை அனுப்ப வேண்டும். ஜே-1 பயிற்சியாளரின் ஊதியத்தில் பொதுவாகச் சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கக் கூடாது. நிறுவனத்தின் கணக்கர் தெரியாமல் பிடித்திருந்தால் சம்பளச் சீட்டைக் காட்டித் திரும்பப் பெறலாம். ஆதலால் சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் கோப்பில் வைத்துக் கொண்டு வரச் சொல்லுங்கள்.